'விற்பனைக்கு அல்ல': விளம்பரக் குரல்கள் பற்றி ஒரு நீண்ட இழை

1/
உங்க வீட்டுப் பரண்ல பழைய கேசட் பெட்டி ஏதாவது கிடக்கா? பழைய இரும்புக்காரர்கிட்ட எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி இந்த இழையை ஒருமுறை படிச்சிடுங்க.

பாட்டு கேசட்டைப் பத்தி நான் பேச வரல. பாட்டையும் படத்தையும் விக்கிறதுக்காக எடுத்த விளம்பர ஒலிப்பதிவுகளைப் பத்திப் பேசப் போறேன். வேலை முடிஞ்சா தூக்கிப் போட்டுடலாம்னு நினைச்சே தயாரிச்ச குரல்கள் அவை. மணியாச்சி பக்கம் மருத்துவம் பார்க்கிற ஆளுக்கு இதுல என்ன வேலைன்னு கேப்பீங்க. இருக்கு. பொறுமையா வாங்க.

2/
முதல்ல கொஞ்சம் வெளிநாடு போயிட்டு வருவோம்.

1962-ல 'லவ் மீ டூ' பாட்டு வெளிவந்தப்போ பீட்டில்ஸ் குழுவைப் பெருசா யாருக்கும் தெரியாது. ரேடியோ நிலையங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் அனுப்புறதுக்காக மட்டும் தனியா 250 இசைத்தட்டு அச்சடிச்சாங்க. பாட்டு எழுதின பால் மெக்கார்ட்னி பேரையே அதுல எழுத்துப்பிழையோட போட்டுட்டாங்க. விளம்பரத் தட்டுதானே, யார் கவனிக்கப் போறான்னு விட்டிருப்பாங்க போல. இன்னைக்கு உலகம் முழுக்க இசைத்தட்டு சேகரிக்கிறவங்க அந்த 250-ல ஒண்ணு கிடைக்குமான்னு தேடிக்கிட்டு இருக்காங்க.

3/
இதைவிட சுவாரசியமான தட்டு ஒண்ணு 1964-ல வந்தது. அமெரிக்காவுல 'மீட் தி பீட்டில்ஸ்' ஆல்பத்தை விக்க கேப்பிட்டல் நிறுவனம் தயாரிச்சது. அதுல பீட்டில்ஸோட பதில்கள் மட்டும்தான் இருக்கும். கேள்வி இருக்காது. கேள்வி வரவேண்டிய இடத்துல வெறும் மௌனம்.

கேள்விகளைத் தாள்ல அச்சடிச்சு அந்தத் தட்டோடயே கொடுத்தாங்க. உள்ளூர் ரேடியோ அறிவிப்பாளர் அதைப் பார்த்துக் கேள்வியைப் படிப்பார், தட்டுல இருந்து பதில் வரும். கேக்கிறவங்களுக்கு என்ன தோணும்? பீட்டில்ஸ் நம்ம ஊர் ஸ்டேஷனுக்கே வந்து, நம்ம ஆள்கூட உக்காந்து பேசுறாங்கன்னு தோணும்!

இந்த மௌன இடைவெளியை ஞாபகத்துல வச்சுக்கோங்க. பின்னாடி வேணும்.

4/
ராக் இசை கொடிகட்டிப் பறந்த காலத்துல இந்த மாதிரி விளம்பரத் தட்டுகளும் டேப்புகளும் நிறைய வந்தது. ஆல்பம் கடைக்கு வர்றதுக்கு முன்னாடி ரேடியோவுக்குப் போகும். லேபிள்ல 'விற்பனைக்கு அல்ல'ன்னு அச்சடிச்சிருப்பாங்க.

அதெல்லாம் இன்னைக்கு ஏன் அபூர்வமாச்சு? காரணம் மூணு.
ஒண்ணு, கொஞ்சமாதான் போட்டாங்க.
ரெண்டு, ஆல்பம் வெளிவந்த மறுநாளே அதுக்கு வேலை முடிஞ்சு போச்சு.
மூணு, காந்த நாடாவுல அழிச்சு அழிச்சு மறுபடி பதியலாம். டேப் விலை அதிகமா இருந்த காலத்துல பழைய விளம்பரத்து மேலேயே புது விளம்பரத்தைப் பதிஞ்சாங்க.

5/
இப்ப நம்ம பக்கம் வருவோம். இங்க ராக் ஆல்பம் கிடையாது, சினிமாதான். ஆனா கதை ஒண்ணுதான்.

1952-ல பி.வி.கேஸ்கர் மத்திய அமைச்சரா இருந்தப்போ அகில இந்திய வானொலியில சினிமா பாட்டுக்குக் கதவடைச்சாங்க. ஜனங்க என்ன செய்வாங்க? ரேடியோ முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பிட்டாங்க. ரேடியோ சிலோனோட வர்த்தக சேவை அப்பதான் வளர்ந்துக்கிட்டு இருந்தது. அதே 1952 டிசம்பர்ல அங்க அமீன் சயானியோட 'பினாகா கீத்மாலா' ஆரம்பிச்சது. இந்திப் பாட்டு கேக்கிறவங்க மொத்தப் பேரும் அந்தப் பக்கம் சாய்ஞ்சாங்க.

6/
தமிழுக்கு இலங்கை வானொலி. எங்க கரிசல் காட்டுல அதுக்கு இருந்த மவுசைச் சொல்லி முடியாது.

அதுக்கு ஒரு அறிவியல் காரணமும் இருக்கு. மத்திய அலை ஒலிபரப்பு காஞ்ச நிலத்து மேல சீக்கிரம் வலுவிழந்துடும். உப்புத் தண்ணி மின்சாரத்தை நல்லாக் கடத்துறதால கடல் மேல ரொம்ப தூரம் வலுவோட வரும். தூத்துக்குடிக்கும் இலங்கைக்கும் நடுவுல மன்னார் வளைகுடாதானே? அதைத் தாண்டி வந்த குரல் பருத்திக் காடு, தீப்பெட்டி ஆபீஸ், டீக்கடைன்னு எல்லா இடத்துலயும் பக்கத்து வீட்டுக் குரல் மாதிரி கேட்டது.

மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம். இந்தப் பேரைச் சொன்னாலே எங்க பக்கத்துல 60 வயசு தாண்டினவங்க முகம் மாறிடும். நீங்களே சொல்லிப் பாருங்க.

7/
தமிழ்ப் படம் எடுக்கிறவங்க இதைக் கவனிச்சாங்க. படத்துக்கு ரேடியோவுல விளம்பரம் கொடுத்தாங்க. கே.எஸ்.ராஜாவோட 'திரை விருந்து' கேக்கிறதுக்குன்னே கூட்டம் இருந்தது.

அந்த விளம்பரத்தோட கட்டுமானம் ரொம்ப எளிமை. அறிவிப்பாளர் ஒரு வரி சொல்வார். படத்துல இருந்து ஒரு வசனத் துண்டு வரும். பாட்டோட பல்லவி வந்து பாதியில நிக்கும். திரும்ப அறிவிப்பாளர் வந்து ஒரு கேள்வி கேட்பார். அதுக்குப் பதில் வராது! பதில் வேணும்னா படத்துக்குப் போகணும்.

டிவி இல்ல, யூட்யூப் இல்ல. ஒரு படம் எப்படி இருக்கும்னு கிராமத்து ஆளுக்கு முதல்ல தெரிஞ்சது கண்ணு வழியா இல்ல, காது வழியா.

8/
விவித் பாரதியில 1967-லதான் வர்த்தக ஒலிபரப்பு வந்தது. அதுக்கப்புறம் இங்கயும் 15 நிமிஷ சினிமா விளம்பர நிகழ்ச்சிகள் வந்தது. இந்தியில இந்த வேலைக்கு ராஜா அமீன் சயானி. 2024 பிப்ரவரியில 91 வயசுல அவர் காலமானப்போ பத்திரிகைகள் எல்லாம் ஒரு கணக்கு போட்டிருந்தது: வாழ்நாள்ல 54,000-க்கு மேல ரேடியோ நிகழ்ச்சிகள், சுமார் 19,000 விளம்பரத் துண்டுகள்.

ஒரே ஒரு மனுஷன் குரல்ல இவ்வளவு! ஒரு விளம்பரம் அரை நிமிஷம்னு வச்சாலும் 19,000-த்தையும் தொடர்ந்து கேக்க ஆறரை நாள் ராப்பகலா உக்காரணும்.

9/
இங்க ஒரு வித்தியாசத்தைக் கவனிங்க. விலைக்கு வித்த வசனப் பதிவுகள் பிழைச்சுக்கிச்சு.

'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) வசன இசைத்தட்டு ஒலிக்காத திருவிழா எங்க பக்கம் கிடையாது. கட்டபொம்மனைத் தூக்குல போட்ட கயத்தாறு இங்க இருந்து கூப்பிடு தூரம்தானே! 1975-ல வந்த 'ஷோலே' வசனத் தட்டு இந்தியா முழுக்க வித்தது. 1984-ல 'விதி' படத்தோட வசன கேசட். கல்யாண வீடு, காதுகுத்து, டீக்கடைன்னு எங்க பார்த்தாலும் அந்த நீதிமன்றக் காட்சி ஓடும். படம் பார்க்காதவங்களும் வசனத்தை மனப்பாடமா சொல்வாங்க.

காசு கொடுத்து வாங்கினதால ஜனங்க அதைப் பத்திரமா வச்சுக்கிட்டாங்க. இலவசமாக் கேட்ட விளம்பரத்தை யாரு எடுத்து வைப்பா?

10/
அதுலயும் கடைசிப் படிக்கட்டு ஒண்ணு இருக்கு. ரேடியோ விளம்பரத்துக்குக் கீழ, ஊர் விளம்பரம்.

ஒரு வாடகைக் கார். மேல ரெண்டு குழாய் ஸ்பீக்கர். உள்ள பேட்டரியில ஓடுற ஆம்ப்ளிபையர், ஒரு மைக், ஒரு நோட்டீஸ் கட்டு. சின்னப் பசங்க வண்டி பின்னாடியே புழுதியில ஓடுவாங்க. மஞ்சள், ரோஸ் கலர் நோட்டீஸ் பறக்கும். கோவில்பட்டி, கடம்பூர், கயத்தாறு, மணியாச்சின்னு சுத்தி இருக்கிற ஊருக்கெல்லாம் அந்தக் குரல்தான் சினிமாவோட வாசல். இந்தக் குரல்கள் எந்த ஆவணக் காப்பகத்துக்கும் போகல.

11/
இப்ப மருத்துவத்துக்கு வர்றேன். (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன். குடும்பத்துகிட்ட கேட்டுட்டுதான் எழுதுறேன்.)

70 வயசை நெருங்கின ஒரு அண்ணாச்சி. இடது பக்க மூளையில பக்கவாதம். வலது கை, வலது கால் விழுந்துடுச்சு. ராத்திரி தூக்கத்துல வந்தது, காலையிலதான் வீட்டுல பார்த்திருக்காங்க. ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசிக்கான நாலரை மணி நேரம் எப்பவோ கடந்திருந்தது. உயிர் தப்பிச்சார். நடை கொஞ்சம் கொஞ்சமா வந்தது. பேச்சு மட்டும் வரல.

நாம சொல்றது எல்லாம் அவருக்குப் புரியும். பதில் சொல்ல வாயைத் திறந்தா "ஆமா... ஆமா..." மட்டும்தான். வேண்டாம்ங்கிறதுக்கும் "ஆமா"தான். கோவத்துல கண்ணு கலங்கிடும்.

12/
இதுக்குப் பேர் புரோக்கா பேச்சிழப்பு. 1861-ல பால் புரோக்காங்கிற பிரெஞ்சு மருத்துவர் பார்த்த ஒரு நோயாளிக்கு 'டான்'ங்கிற ஒரே ஓசைதான் வாயில வந்தது. என்ன கேட்டாலும் 'டான், டான்'. அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்தப்போ இடது பக்க முன்பகுதியில சேதம் இருந்தது. பேச்சுக்கு மூளையில ஒரு இடம் உண்டுன்னு உலகம் ஒத்துக்கிட்டது அதுக்கப்புறம்தான்.

அண்ணாச்சிக்கு அடி விழுந்ததும் அதே இடம்.

13/
ரெண்டாவது மாசம் மருமகள் கூட்டிட்டு வந்திருந்தாங்க. போற போக்குல சொன்னாங்க:

"மாமா அந்தக் காலத்துல சினிமா விளம்பரக் கார்ல பேசுனவங்க சார். அவங்க குரலுக்குன்னே கொட்டகைல கூட்டம் கூடுமாம். இப்ப ஒரு வார்த்தை பேச மாட்டேங்காவ. பழைய கேசட்டு ஒரு பெட்டி கிடக்கு. எடைக்குப் போடலாம்னு எடுத்து வச்சிருக்கோம்."

நான் கேட்டேன்: "அதுல அண்ணாச்சி குரல் இருக்காம்மா?"

அவங்களுக்குத் தெரியல. அண்ணாச்சியைப் பார்த்தேன். "ஆமா"ன்னார். அந்த "ஆமா"வை எப்படி எடுத்துக்கிறதுன்னு எனக்கும் புரியல.

14/
மகன் ஒரு பழைய டேப் ரெக்கார்டரைச் சரிபண்ணி, கேசட்டை ஒவ்வொண்ணாப் போட்டுப் பார்த்தார். மொத்தம் 11. ரெண்டு சிக்கிக்கிச்சு. ஆறு கேசட்ல பின்னாடி யாரோ பக்திப் பாட்டு பதிஞ்சு விளம்பரம் அழிஞ்சிருந்தது. மீதி மூணுல அண்ணாச்சி குரல். இளமையான, கணீர்னு ஒரு குரல்.

நாள் முழுக்க மைக்ல கத்தித் தொண்டை போயிடும்ங்கிறதால, படப் பாட்டோட சேர்த்துத் தன் குரலைக் கேசட்ல பதிஞ்சு வச்சிருக்கார். அதுல ஒரு வேலை செஞ்சிருக்கார் பாருங்க. படம் வாராவாரம் ஊர் மாறும், கொட்டகை மாறும். அதனால கொட்டகைப் பேரும் நேரமும் வரவேண்டிய இடத்துல குரல் கிடையாது. பின்னணி இசை மட்டும் ஒரு ஏழெட்டு நொடி ஓடும். அந்த இடத்துல அந்தந்த ஊர்ல மைக்ல நேரடியாச் சொல்லுவாராம்.

15/
மூணாவது இடுகையைத் திரும்பப் படிங்க. அமெரிக்காவுல ஒரு பெரிய நிறுவனம் யோசிச்ச அதே யோசனை. இவருக்கு பீட்டில்ஸ் யாருன்னே தெரியாது. தேவை ஒண்ணா இருந்தா வழியும் ஒண்ணாத்தான் வரும் போல.

16/
கேசட்டை அவர் முன்னாடி ஓடவிட்டாங்க. அந்த இடைவெளி வந்தது. இசை மட்டும் ஓடுது.

அண்ணாச்சி நிமிர்ந்து உக்காந்து, "இன்று முதல்... தினசரி இரண்டு காட்சிகள்!"னு சொன்னார். தெளிவா. ராகம் மாறாம. ரெண்டு மாசமா ஒரு வாய்த் தண்ணி கேக்க முடியாத மனுஷன்.

மகன் போன்ல எனக்கு அனுப்பின வீடியோவுல, அவருக்குப் பின்னாடி மருமகள் அழுற சத்தம்தான் அதிகமாக் கேட்டது.

17/
இதை அதிசயம்னு எடுத்துக்காதீங்க. இதுக்கு மருத்துவத்துல பேர் இருக்கு: தானியங்கிப் பேச்சு.

யோசிச்சு வார்த்தையைக் கோத்துப் பேசுறது ஒரு வகை. எண்ணுறது, கிழமை சொல்றது, சாமி கும்பிடும்போது சொல்ற வரிகள், பாட்டு, கெட்ட வார்த்தை இதெல்லாம் இன்னொரு வகை. பல நூறு தடவை சொல்லிச் சொல்லித் தேய்ஞ்ச தடம். 19-ஆம் நூற்றாண்டுலயே ஹியூலிங்ஸ் ஜாக்சன்ங்கிற ஆங்கிலேய மருத்துவர் இந்த வேறுபாட்டை எழுதியிருக்கார். முதல் வகை போனாலும் ரெண்டாவது பல பேருக்கு மிஞ்சும். வலது பக்க மூளையும் மூளையின் உள்ளடுக்குப் பகுதிகளும் இதுக்குக் கைகொடுக்குதுன்னு கருதுறாங்க.

18/
அதனாலதான் சொல்றேன், விளம்பரத்தைச் சாதாரணமா நினைக்காதீங்க. ஒரு பாட்டை நாம ஆசைப்பட்டுக் கேக்கிறோம். விளம்பரம் நம்மைக் கேக்காமலே நூறு தடவை காதுல விழுது. ராகம், தாளம், ஒரே மாதிரி சொற்கள், திரும்பத் திரும்ப. மனுஷ மூளையில ஒண்ணு ஆழமாப் பதியறதுக்கு என்னென்ன வேணுமோ அத்தனையும் அதுல இருக்கு.

பெட்டியில யாரும் வைக்காத பதிவை மூளை பத்திரமா வச்சிருக்கு. இதுதான் இந்த இழையில நான் சொல்ல வந்த ஒரே விஷயம்.

19/
அண்ணாச்சி கதையை முடிச்சிடுறேன். அவர் முழுசாப் பேசிட்டார்னு சொன்னா அது பொய்.

ராகத்தோட சொல்ல வச்சு, ஒவ்வொரு அசைக்கும் இடது கையால தட்ட வச்சுப் பேச்சை மீட்கிற ஒரு பயிற்சி முறை இருக்கு. 1973-ல அமெரிக்காவுல மார்ட்டின் ஆல்பர்ட்டும் அவரோட சகாக்களும் எழுதினது. எல்லாருக்கும் பலிக்காது. புரிதல் நல்லா இருந்து, வார்த்தை மட்டும் வராதவங்களுக்கு ஓரளவு உதவும். பேச்சுப் பயிற்சியாளர் ஒருத்தர் அண்ணாச்சிக்கு அவரோட விளம்பர ராகத்தையே எடுத்துக்கிட்டார். "இன்று முதல்" இருந்த இடத்துல "தண்ணி வேணும்". "இரண்டு காட்சிகள்" இருந்த இடத்துல "சாப்பாடு போதும்".

எட்டு மாசத்துல பத்துப் பதினைஞ்சு சொற்றொடர். அவ்வளவுதான். ஆனா "வேண்டாம்"ங்கிறது இப்ப "வேண்டாம்"னே வருது. வீட்டுல அவருக்கு மரியாதை திரும்பி வந்தது அந்த ஒரு வார்த்தையாலதான்னு மகன் சொன்னார்.

20/
பக்கவாதம் வந்த எல்லார் வீட்டுலயும் இப்படி கேசட் இருக்காது. ஆனா பழைய குரல் ஏதாவது இருக்கும். மறதி நோய் வந்தவங்களுக்கும் 10 வயசுல இருந்து 30 வயசுக்குள்ள கேட்டதுதான் கடைசி வரை தங்கும். தாத்தாவுக்கு இந்த வருஷத்துப் பாட்டைப் போட்டுக் காட்டாதீங்க. அவர் வயசுக் கணக்குப் போட்டு, அந்த வருஷங்கள்ல ரேடியோவுல என்ன ஓடிச்சுன்னு தேடிப் போடுங்க.

21/
அப்புறம் ஒரு அவசரக் குறிப்பு, டாக்டர் எழுதுற இழையில இது இல்லாம இருக்கக் கூடாது.

முகம் ஒரு பக்கம் கோணுதா? ஒரு கை தூக்க முடியலையா? பேச்சு குழறுதா? இதுல ஒண்ணு திடீர்னு வந்தாலும் 108-க்குப் போன் போடுங்க. சோடா கொடுக்கிறது, கை காலைத் தேய்ச்சு விடுறது, விடியட்டும்னு காத்திருக்கிறது எதுவும் வேண்டாம். கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான். அதுலயும் முதல் மணி நேரத்துல போட்டா பலன் கூட.

22/
இப்ப அந்தப் பரண் பெட்டிக்கு வருவோம். செய்ய வேண்டியவை:

முதல்ல பரண்ல இருந்து இறக்குங்க. கரிசல் காட்டு வெயிலுக்குத் தகரக் கூரை, சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழ கேசட் நெளிஞ்சு போகும். நாடா மேல வெள்ளையாப் பூஞ்சை தெரிஞ்சா ஓட்டவே ஓட்டாதீங்க. மெஷின் வழியா மத்த கேசட்டுக்கும் பரவும்.

கேசட்டோட மேல் விளிம்புல ரெண்டு சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதை உடைச்சு விட்டுடுங்க. அதுக்கப்புறம் தெரியாம ரெக்கார்ட் பட்டனை அமுக்கினாலும் அழியாது. அண்ணாச்சியோட ஆறு கேசட் போனது இந்த நாக்கு உடைக்காததாலதான்.

23/
நல்ல பிளேயர்ல இருந்து வயர் போட்டுக் கம்ப்யூட்டர்ல பதிஞ்சுக்கலாம். ஆடாசிட்டின்னு இலவச மென்பொருள் இருக்கு. முடிஞ்சா எம்பி3-க்குப் பதிலா வேவ் கோப்பாச் சேமிங்க, தரம் குறையாது. ரெண்டு பிரதி, ரெண்டு வேற இடத்துல.

பெரிய டேப் சுருள் இருந்தா நீங்களா ஓட்டிப் பார்க்காதீங்க. 1970-80கள்ல வந்த சில சுருள்கள் காத்து ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுன்னு ஒட்டும். அதைக் குறைஞ்ச சூட்டுல, 50 டிகிரி வாக்குல, மணிக்கணக்கா வாட்டி எடுத்துப் பதிவு செய்ற முறை இருக்கு. அது விவரம் தெரிஞ்சவங்க வேலை. ஊசி போடுற மாதிரிதான், தெரியாதவங்க கை வைக்கக் கூடாது.

24/
பதிஞ்சதும் ஒரு தாள்ல எழுதி வைங்க: யாரு குரல், எந்த ஊர், எந்தப் படத்துக்கு, ஏறக்குறைய எந்த வருஷம். இதைச் சொல்லக்கூடிய ஆள் உங்க வீட்டுல இன்னைக்கு இருப்பாங்க. அடுத்த வருஷமும் இருப்பாங்கன்னு நினைச்சுத் தள்ளிப் போடாதீங்க.

பாட்டு நடுவுல வர்ற சோப்பு விளம்பரம், நகைக்கடை விளம்பரம், இலங்கை வானொலி அறிவிப்பு இதையெல்லாம் 'சுத்தம் பண்றேன்'னு வெட்டி எறியாதீங்க. பாட்டு எங்க வேணும்னாலும் கிடைக்கும். அந்த அறிவிப்பு உங்ககிட்ட மட்டும்தான் இருக்கும்.

25/
உங்க ஊர்ல சினிமா விளம்பரக் கார்ல பேசினது யாரு? அந்தக் குரல் எப்படி இருக்கும்? பதில்ல எழுதுங்க. பதிவு கையில இருந்தா ஏத்துங்க, நாலு பேர் கேக்கட்டும்.

வீட்டுல பெரியவங்க இருக்கிறவங்களுக்கு இந்த இழையைப் பகிருங்க.